ஒரு ஆள் எடை

நான் சொன்னா தப்பும் தவறுமாத்தான் வரும் சார். அஞ்சாங்கிளாஸோட நின்னவ. ரெண்டு நாட்டு விவகாரம், வாய் தவறி ஏதாவது விழுந்து மறுபடி எல்லைக் கதவைச் சாத்திட்டாங்கன்னா? பேப்பர்ல என் பேரெல்லாம் போடாதீங்க. எல்லையில டீக்கடை வச்சிருக்கற பொம்பளைன்னு போட்டா... வேணாம், அதுவும் வேணாம். இங்க வேற கடையே இல்ல. டீ ஆறுது, குடிங்க.

ரெண்டு நாடும் ஜென்மப் பகையாத்தான் இருந்துச்சு. அப்புறம் பெரியவங்க பேசி, ஒரே ஒரு லாரிய விட்டுப் பாப்போம், சரியா நடந்தா வியாபாரத்தப் பெருக்கலாம்னாங்க. அந்த லாரிக்கு டிரைவர் எங்க வீட்டுக்காரர். இங்க இருந்து வெங்காயம், அங்க இருந்து உப்பு. இந்தப் பக்கம் ஒரு எடைமேடை, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டு எடையும் ஒத்துப் போகணும், அவ்வளவுதான்.

எங்க ஒத்துப்போச்சு? இங்க எடை போட்ட வெங்காயம் அங்க போனா ஒரு ஆள் எடை கூடுது. கொறஞ்சா திருட்டும்பாங்க, கூடினா? உளவாளிய ஒளிச்சு அனுப்பறீங்கன்னுட்டாங்க. மூட்டைய எல்லாம் அவுத்துக் கொட்டித் தேடினாங்க. தேடினவங்க கண்ணுல தண்ணி கொட்டினதுதான் மிச்சம். திரும்பி வர்றப்ப, அங்க போட்ட உப்பு இங்க ஒரு ஆள் எடை கொறையுது. கொள்ளையடிக்கறானுங்கன்னு நம்மாளுங்க குதிச்சாங்க.

உளவாளின்னு பேச்சு வந்தா மொதல்ல டிரைவரைத்தானே பிடிப்பாங்க? அதோ, அந்த லாரியில ஜன்னல் நெறைய உக்காந்திருக்காரே, அவர்தான். சர்க்கரை வேற. அதனால லாரி இந்த மேடையில நிக்கறப்ப நான் குரல் குடுப்பேன், இறங்கி வந்து மாத்திரையும் டீயும் முடிச்சுட்டுப் போவார். அந்தப் பக்கம் அந்தப் பேச்சே இல்ல. நம்ம டிரைவர் அவங்க மண்ணுல கால் வைக்கக் கூடாது, வண்டியிலேயே உக்காந்திருக்கணும்.

என்ன சார் சிரிக்கறீங்க? முழுசாக் கேளுங்க.

கடைசில ரெண்டு பக்கத்து அதிகாரிங்களும் இந்த மேடைக்கே வந்து நின்னு கத்தறாங்க. நாளைக்கும் ஒத்துப்போகலன்னா கதவைச் சாத்திடறதாம். நான் வழக்கம்போல, ஏங்க, மாத்திரைன்னேன். அவர் இறங்கினார். மேடையில சிவப்பு நம்பர் மடமடன்னு கொறஞ்சுச்சு. சண்டை மும்முரத்துல யாரும் பாக்கல, நான் பாத்தேன். அடப்பாவி மனுஷா, ரெண்டு நாட்டுக்கும் குறுக்க நின்னது நீதானா?

சொல்லியிருக்கலாம்தான். ஆனா இத்தனை நாள் ஒருத்தன் தொந்திக்கா சண்டை போட்டோம்னு அவங்களுக்கு அவமானம் வந்தா, அது எங்க தலையிலதானே விடியும்? அவர்கிட்டயும் சொல்லல. ஊரெல்லாம் பெருமையடிப்பார். இறங்காதீங்கன்னு சும்மா சொன்னாலும் கேக்கற ஆளில்ல.

மறுநாள் அவர் ஏறி உக்காந்ததும் டீயை ஜன்னல் வழியா நீட்டினேன். ரெண்டு எடையும் ஒத்துப்போச்சு. மந்திரிங்க கைகுலுக்கி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இப்பப் பாருங்க, எத்தனை லாரி. எல்லா டிரைவருக்கும் ஜன்னல் வழியாத்தான் டீ.

அவர் எப்படி இறங்காம இருக்காரா? அன்னிக்கு அவர் ஏறின கையோட, லாரியோட கால்வைக்கிற படிய ஸ்பேனர் போட்டுக் கழட்டிட்டேன். படி இல்லாம அந்த உடம்பு இறங்காது. வீட்டுல மட்டும் ஸ்டூல் போட்டு ஏத்தி இறக்கறேன். படிய எவனோ திருடிட்டான்னு இன்னும் திட்டிட்டுத்தான் இருக்கார்.

அந்தப் படியா? எந்திரிக்காதீங்க சார், அவர் இங்கதான் பாக்கறார். அது மேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க.