முன்பிடி, பின்பிடி

— இதையும் பெட்டியிலதான் போடணுமா? கல்யாணத்துக்கு எத்தனை சுவர்க் கடிகாரம்டி வந்திருக்கு?

— போடுங்க. ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டுது. உங்களுக்கு எது வசதியோ அதைப் பாத்து வேலைக்குக் கெளம்பிக்கலாம்.

— நக்கலு.

— நக்கல் இல்லீங்க. கல்யாணம் ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு. சில்லறை வேலைதான் முடிய மாட்டேங்குது. பதிவு ஆபீசுல கையெழுத்துப் போட்டாச்சு. வாடகைப் பாத்திரம் திரும்பிப் போயாச்சு. ரேஷன் அட்டையில விலாசம் மாத்த எழுதிக் குடுத்தாச்சு. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சு. புது ரூமுக்கு நல்ல பூட்டா வாங்கி மாட்டியாச்சு.

— அப்புறம் என்ன? எல்லாம் முடிஞ்சுது.

— ஒண்ணு பாக்கி.

— ஆமா, வாளி வாங்கணும்.

— உங்கம்மாகிட்ட சொல்லணும்.

— வந்து... வாளியும் வாங்கணும்ல?

— யோவ்! இன்னிக்கு சாயங்காலம் புது ரூமுக்குக் குடி போறோம். நாளைக்குக் காலைல நீங்க எங்க லாண்டரியில பாய்லர் முன்னால நிக்கணும். சூப்பர்வைசர் கால்ல விழாத குறையா நான் வாங்கின வேலை. உங்கம்மாவுக்கு இன்னும் ஒரு வார்த்தை தெரியாது. இத்தனை பெட்டி கட்டி வெச்சிருக்கோமே, அத்தை எதுவும் கேக்கலியா?

— கேட்டுச்சு.

— என்ன சொன்னீங்க?

— எலி கடிக்குதும்மா, அதான் பத்திரமா எடுத்து வெக்கிறோம்னேன்.

— கடிகாரத்தையா?

— அவசரத்துக்கு வேற எதுவும் வாயில வரலடி.

— நல்ல எலி. அதுக்கு நேரம் பாக்கத் தெரியும் போல.

— நீ சிரிச்சுட்டுப் போயிருவ. சொல்ல வேண்டியவன் நான்தானே. எங்க பொழப்பு ஜோடிப் பொழப்புடி. மரவாடியில பலகை தூக்கணும்னா முன்பிடி ஒருத்தர், பின்பிடி ஒருத்தர். அம்மா முன்னால, நான் பின்னால. எனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து அப்படித்தான். நான் வெலகிட்டா ஒத்தை ஆளை மேஸ்திரி பலகையைத் தொட விடமாட்டார். மரத்தூள் அள்ளப் போட்டுருவார். அந்தத் தூளைத் தின்னுட்டு நல்லா மூச்சு விட்டவங்களை நான் பாத்ததில்ல.

— அதனாலதானே முன்கூட்டியே சொல்லித் தொலைங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்? சொல்லியிருந்தா அவங்களும் வேற ஆளைத் தேடியிருப்பாங்க. இப்படியே விட்டா நாளைக்கு என்ன ஆகும்? அத்தை பலகை முன்னால நின்னுக்கிட்டு ‘தூக்குடா’ன்னுவாங்க. பின்னால காத்துதான் இருக்கும்.

— ஐயோ, அப்படிச் சொல்லாதடி.

— உங்களுக்குத் தைரியம் பத்தாது. என்னைப் பாருங்க. எங்கம்மா ஆயுசு முழுக்க செங்கல் சொமந்தவங்க. ஒருநாள் எதுக்கால உக்கார வெச்சுச் சொன்னேன். ‘இனிமே நீ ஒரு கல்லைத் தொட்டே, நான் சாப்பிட மாட்டேன். மாசாமாசம் நான் குடுக்கிறேன், வீட்டோட கெட.’ அவ்வளவுதான். சும்மாட்டுத் துணியைக் கழட்டி வெச்சாங்க. இப்போ டிவி பாத்துக்கிட்டு ராணி மாதிரி இருக்காங்க. சொல்றதுன்னா அப்படிச் சொல்லணும், மூஞ்சிக்கு நேரா.

— அங்கதான் சிக்கல். எனக்கு எங்கம்மா மூஞ்சியைப் பாத்துப் பேசிப் பழக்கமில்ல. முதுகைத்தான் தெரியும்.

— இது என்ன புதுக் கதை?

— கதை இல்லடி, தொழில். முன்பிடிதான் குரல் குடுக்கும். மேடு, பள்ளம், குனி, வளைவு. பின்பிடிக்குப் பலகையும் முன்னால போற முதுகும் மட்டுந்தான் தெரியும். அவன் வாயைத் தொறந்தா கால் தப்பிரும். அந்தப் பழக்கம் வீட்டுலயும் ஒட்டிக்கிச்சு.

— அப்போ என்னைக் கட்டிக்கிறேன்னு மட்டும் எப்படிச் சொன்னீங்க?

— ஒரு தேக்கு உத்தரம் தூக்கிட்டுப் போறப்ப சொன்னேன்.

— அத்தை என்ன சொன்னாங்க?

— ‘வளைவு, இடது’ன்னுச்சு.

— அடப்பாவமே!

— எறக்கி வெச்ச பொறவு, தண்ணியெல்லாம் குடிச்சுட்டு, ‘பொண்ணு யாரு’ன்னு கேட்டுச்சு.

— அப்படின்னா வழி இருக்கு. எந்திரிங்க. அந்த மெத்தையைச் சுருட்டுங்க.

— எதுக்கு?

— நான் முன்பிடி. நீங்க பின்பிடி. நான்தான் உங்கம்மா. சந்தைக்குப் போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள ஒத்திகை பாத்துருவோம்.

— உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு.

— கட்டிக்கிட்டதுலேர்ந்து. ம், தூக்குங்க. கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னல்லேர்ந்து கதவு வரைக்கும். டேய் கழுதை, என்னடா பின்னால முனகுற?

— எங்கம்மா கழுதைன்னு சொல்லாது. எருமைன்னுதான் சொல்லும்.

— சரி, எருமை. என்னடா முனகுற?

— அம்மா... வந்து... மழை வர்ற மாதிரி இருக்கும்மா.

— வெயிலு மண்டையைப் பொளக்குதுடா. விஷயத்தைச் சொல்லு. ஏய், வளைவு! பெட்டி இருக்கு, பாத்து.

— அம்மா, உன் மருமகளுக்கு இங்கருந்து வேலைக்குப் போறது ரொம்பத் தூரமாம்மா...

— பழியைத் தூக்கி அவ தலையில போடாதடா!

— இது அம்மா சொல்றதா, நீ சொல்றதா?

— ரெண்டு பேருந்தான். மறுபடியும் மொதல்லேர்ந்து.

— அம்மா, எனக்கு ஒரு எடத்துல வேலை கெடைச்சிருக்கு. கஷ்டமில்லாத வேலை. கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்.

— நல்லா வருது, நல்லா வருது. மேல சொல்லுங்க.

— மேல என்ன சொல்றது? அதுக்கு மேல எனக்கு அழுகை வருதுடி. நீ அதே மாதிரி தோளைச் சாய்ச்சுக்கிட்டு நடக்குற.

— அழுதா மெத்தை நனையும். காய வெக்க நேரமில்ல. சொல்லுடா எருமை!

— மெத்தைக்கு என்னடா ஊர்வலம் நடக்குது?

— ஐயோ, அத்தை!

— அம்மா! சந்தை... அதுக்குள்ள முடிஞ்சுதா?

— சந்தை அங்கேயேதான் இருக்கு, நான்தான் வந்துட்டேன். கீழ போடாதடா, தரையெல்லாம் தூசி. பொண்ணே, இந்தப் பையைப் பிடி. கேட்டுக்க, முன்பிடின்னா தோள் நுனியில வெக்கக் கூடாது. கழுத்தோரம் வெக்கணும். நுனியில வெச்சா சாயந்தரம் கையைத் தூக்க முடியாது. நகரு, எங்கிட்ட குடு.

— இல்லத்தை, நாங்க சும்மா...

— சும்மா யாராவது மெத்தை தூக்குவாங்களா? என்னடா நிக்கிற? நட. பெட்டி, வலது. கயிறு கெடக்கு, தாண்டு.

— ஏங்க! இப்ப. முதுகு தெரியுதுல்ல? சொல்லுங்க!

— அம்மா.

— ம்.

— வந்து... நாளைலேர்ந்து நான் மரவாடிக்கு வரலம்மா. இவ லாண்டரியில எனக்குப் பாய்லர் வேலை. பக்கத்துலயே ரூம் பாத்துட்டோம். இன்னிக்கு சாயங்காலம் போறோம். எலியெல்லாம் பொய். உன்னை ஜோடியில்லாம விட்டுட்டுப் போறேன். என்ன வேணா திட்டு, ஆனா திரும்பிப் பாக்காத. பாத்தா நான் போக மாட்டேன்.

— வாசப்படி. காலைத் தூக்கு.

— அம்மா, நான் சொன்னது கேட்டுச்சா?

— சைக்கிள் நிக்குது, இடது. இன்னும் கொஞ்சம். ம், எறக்கு. மெதுவா.

— எதுல எறக்குறது? இது யாரு வண்டி?

— மரவாடித் தள்ளுவண்டி. மேஸ்திரிகிட்ட கேட்டு உருட்டிக்கிட்டு வந்தேன். நீ வாயைத் தொறக்கிற வரைக்கும் காத்திருந்தா பெட்டியை உம் புள்ளதான் தூக்கணும். உனக்குப் பூட்டு வித்தவன் நம்ம மரவாடியில பலகை வாங்குறவன்டா. ‘மகன் தனியாப் போறானாமே’ன்னு என்னைத் துக்கம் விசாரிக்கிறான்.

— அத்தை, கோவமா?

— கோவம் வராம இருக்குமா? ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். நானும் கட்டிக்கிட்டப்ப மாமியாரை விட்டுத் தனிக்குடித்தனந்தான் வந்தேன். என்ன, என் புருஷன் எலி மேல பழி போடல.

— அப்ப நீ என்னம்மா பண்ணுவ? தூளு அள்ளப் போவியா? சொல்லும்மா. நீ அங்க போறதா இருந்தா நான் பாய்லருக்குப் போகல. மெத்தையைத் திருப்பித் தூக்கு.

— எருமை, மெத்தையைத் தொட்டே கையை ஒடைப்பேன். நான் எதுக்குடா தூளு அள்ளுறேன்? எனக்கு ஜோடி கெடைச்சாச்சு.

— கெடைச்சாச்சா? யாரு?

— கேட்டுக்க. உங்க கல்யாணம் முடிஞ்சு மண்டபத்துல பெஞ்செல்லாம் எடுத்து வெச்சோம்ல? ஆளாளுக்குப் போட்டோ எடுக்கப் போயிட்டீங்க. நான் ஒரு முனையைப் பிடிச்சேன். கேக்காமலே வந்து அந்த முனையை ஒரு ஆளு பிடிச்சுச்சு. நான் எட்டு வெச்சா எட்டு. நின்னா நிக்குது. படியெறங்குறப்ப ஒரு ஆட்டம் இல்ல. உன் காலு என் காலோட ஒத்துப்போக ரெண்டு மழைக்காலம் ஆச்சுடா. இது ஒரே பெஞ்சுல ஒத்துப்போச்சு. மேஸ்திரிகிட்டயும் பேசிட்டேன். நாளைலேர்ந்து வேலை. தங்குறதும் இந்த வீட்டுலதான்.

— இந்த வீட்டுலயா? அம்மா... வந்து... அது ஆம்பளையா, பொம்பளையா?

— ஆம்பளையா இருந்தா உனக்கு என்ன? நீதான் குடி போறியே.

— அப்படி இல்லம்மா, அக்கம்பக்கத்துல...

— ஏங்க, சும்மா இருங்க! இத்தனை வருஷம் உங்களைச் சொமந்தாங்க, பலகையையும் சொமந்தாங்க. அவங்க யாரோட தூக்கினா உங்களுக்கு என்ன, எனக்கு என்ன? அத்தை, யாரா இருந்தாலும் நல்லா இருங்க. அந்த ஆளு வீட்டுல ஏதாவது மொணமொணன்னா சொல்லுங்க, நான் வந்து கேக்குறேன்.

— மொணமொணப்பாங்கன்னுதான் அந்த ஆளு பயப்படுது. பெத்த புள்ளயே வேலைக்குப் போகக் கூடாதுன்னு அடைச்சு வெச்சிருக்காம்.

— எந்தக் கூறுகெட்ட புள்ள அது? ஒழைச்ச ஒடம்பு அத்தை. நாலு சுவத்துக்குள்ள உக்கார வெச்சா துருப்பிடிச்சுப் போயிராது? நோவு வந்தா அப்ப பாத்துக்கலாம். அதுவரைக்கும் அவங்க இஷ்டத்துக்கு விடணும்.

— ஏய்... கொஞ்சம் பொறுடி.

— நீங்க சும்மா இருங்கன்னேன்ல? நான் சொல்றது நியாயமா இல்லியா அத்தை?

— ரொம்ப நியாயம்மா. இன்னொரு தரம் சத்தமாச் சொல்லு, தெருமுனை வரைக்கும் கேக்கட்டும்.

— தெருமுனைக்கு எதுக்கு?

— உங்கம்மா அங்கதான் பெட்டியும் கையுமா நிக்கிறாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, சந்தையிலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் என் முதுகுகிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தாங்க.