பெட்டி சொன்னால் சரிதான்

எங்கள் கோட்டைக்குப்பத்தில் டீக்கு இஞ்சியைத் தட்டிப் போடுவார்கள், சார். அன்று காலையும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடல் எச்சரிக்கையை இணையத்திலிருந்து எடுத்து ஊர் ஒலிபெருக்கியில் வாசிக்கும் புரோகிராம் நான் எழுதியது. கட்டளை தட்டினால் ஓடும் ரகம். அதற்கு இரண்டு வாய்: ஒன்று பதில் சொல்ல, மற்றது பிழையைச் சொல்ல. ஒலிபெருக்கியோடு இணைத்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் இரண்டையும் ஒன்றாக ஒலிபெருக்கிக்கே விட்டுவிட்டேன். ஒரு விடியலில் நெட் போனதும், பிழைச் செய்தியை ஊருக்கே இங்கிலீஷில் வாசித்துவிட்டது.

படகுக்காரர் எல்லப்பன் கரையில் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னாடா சீனு, உன் பொட்டி காலங்காத்தால இங்கிலீஷ்ல திட்டுது? நீ படிச்சுக் கிழிச்சது இதானா?"

ஊரே சிரித்தது. அவர் மகள் பூவிழியும் சிரித்தாள். அவளைப் பெண் கேட்க இருந்தவன் நான்.

பிழையின் வாயை அடைத்தேன். ஆனால் நெட் போனால் ஒலிபெருக்கி பேசாது; அது பேசாத நாளில் எங்கள் ஊரில் யாரும் படகை இறக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாள் தொழில் கெட்டதற்கும் எல்லப்பன் என் வாசலில் நின்று கேலி பேசினார். அதனால், பிழை வந்தால் முந்தைய நாள் செய்தியையே திரும்ப வாசிக்கும்படி மாற்றினேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டினால் மட்டும் பிழை சிவப்பு எழுத்தில் தெரியும். அப்படித் தனியாக எழுதி வைத்தது நான்தான்.

முதலில் சொன்ன அந்தக் காலை, டீயோடு லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன்; சிவப்பு எழுத்து வந்தது. இணையதளத்தின் முகவரி மாறியிருந்தது. போனில் தேடிப் பார்த்தேன். கடலுக்குப் போக வேண்டாம் என்றிருந்தது. வெளியே ஒலிபெருக்கி, கடல் அமைதி என்று வாசித்துக்கொண்டிருந்தது.

எல்லப்பன் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை கேலி இல்லை. "காத்து ஒரு மாதிரியா கீதுடா. பொட்டி சரியாத்தான் சொல்லுதா?"

"பொட்டி சொன்னா சரிதான், மாமா."

மற்ற படகுகள் எப்படியோ கரை சேர்ந்தன. எல்லப்பன் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிணமாக ஒதுங்கினார். கூடப் போன ரங்கன் இன்னும் கிடைக்கவில்லை. அவனும் அன்று கரையில் சிரித்தவன்தான்.

தெரிந்தேதான் அனுப்பினேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார். பூவிழி இப்போது சிரிப்பதில்லை. அவளைப் பெண் கேட்க இனி யாரிடம் போவது என்றுதான் எனக்குப் புரியவில்லை.