ஓரத்தில் எழுப்பிய சுவர்

தென்காசியில் சாரல் விழும் நாட்களில் சுவர்ப் பூச்சு காய்வதேயில்லை. இன்ஸ்பெக்டர், அந்த ஈரத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ கண்டுபிடித்தவர்போல் தலையாட்டினீர்கள். பாவம்.

அப்பா இறந்ததும் வீட்டில் பாதி கேட்டான் தம்பி உமாசங்கர். பகலிலேயே குடிப்பவனுக்குப் பாதி என்றால் என்னவென்று தெரியும் என நம்புகிறீர்களா? நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துபவன். பிரிவினை எனக்குத் தெரியும்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் என்ற பாக்டீரியா, தீனி இருக்கும்வரை நடுவில்தான் பிரியும். முனைகளில் சுவர் எழாதபடி சில புரதங்கள் காவல் காக்கும். பஞ்சம் வந்தால் மட்டும் ஒரு முனையருகே சுவர் எழுப்பும். பெரிய பாதி சின்னதை விழுங்கி, உறைமேல் உறை போர்த்திக் காப்பாற்றிவிட்டு, தான் வெடித்துச் சாகும். சின்னது வித்தாகி, உணவின்றிப் பல ஆண்டு கிடக்கும்.

நான் பின்கட்டு ஓரத்தில் சுவர் எழுப்பினேன்.

"நடுவுல வைக்கச் சொன்னா ஓரத்துல வைக்கியே. காலேஜ் வாத்தியாருக்கு நடு எதுன்னு தெரியாதோ?" என்று சிரித்தான் தம்பி.

கொத்தனார் சுடலையாண்டி கேட்டார்: "அண்ணாச்சி, பின்வாசலயும் அடச்சிட்டா தம்பி எங்கன கூடி வெளிய போவாவ?"

"அவன் போக வேண்டிய கடைக்கெல்லாம் போயாச்சு வே."

புதுச்சுவரில் ஒரே கதவு. தாழ்ப்பாள் என் பக்கம். தம்பி உள்ளே போன அன்றே அதைப் போட்டுப் பூட்டினேன்.

குடியைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். டாக்டர்கள் நுண்ணுயிரியலை ஒரு வருடம் மேய்ந்தவர்கள்.

இரண்டாம் நாள் அவனுக்கு நடுக்கம் கண்டது. "அண்ணே, சுவரெல்லாம் எறும்பா ஊருது. தண்ணியாச்சும் தாண்ணே" என்றான். கொடுக்கவில்லை. வித்து ஈரம் பட்டால் முளைத்துவிடும். பிறகு சத்தம் அடங்கியது. உறை முற்றிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வாடை என்று ஊரைக் கூட்டியது பக்கத்து வீட்டு முத்துவடிவு. பதுங்கிக் கிடக்கும் உயிரையும் பிணத்தையும் பிரித்தறியாத மூக்கு. நீங்களும் அவள் பேச்சைக் கேட்டுக் கதவை உடைத்தீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள்: பூட்டியது நான், தண்ணீர் தராதது நான், கொன்றதும் நான். ஆனால் அவன் பங்குக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் அச்சன்புதூர் வயலில் இந்த வருடம் அமோக விளைச்சல். எங்கள் குற்றாலத்து லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. பஞ்சம் என்றால் என்னவென்றே அறியாத வீடு எங்களுடையது.