புதுத் தீவனத்தில் ஒரு பை

பால் விலை விழும்போது மாட்டின் வயிற்றில் கைவைக்கிறவன் முட்டாள், ஐயா. செலவைத்தான் குறைக்க வேண்டும், தீவனத்தை அல்ல. தீவனம் குறைந்தால் கறவை குறையும், அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும். இதையெல்லாம் நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். விஸ்கான்சினில் ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் மகள் மாட்டுத் தீவனத்திலேயே பட்டம் வாங்கி வீடு திரும்பினால் என்ன வேலை கொடுப்பார்கள்? என் அப்பா வெர்லின், கன்றுகளுக்கு வாளியில் பால் ஊற்றும் வேலையைக் கொடுத்தார்.

தீவனப் பொறுப்பை ஜோலீனிடம் கொடுத்தார். ஜோலீன் என் அண்ணன் டேரனின் மனைவி. போன குளிர்காலத்தில்தான் கல்யாணமாகிப் பண்ணைக்கு வந்தாள். அதற்கு முன் நகரத்தில் செருப்புக் கடையில் நின்றவள். வந்த வேகத்தில் பீர் ஆலையில் பேசி, மிஞ்சுகிற பார்லிச் சக்கையை அடிமாட்டு விலைக்கு வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினாள். சோயாப் பிண்ணாக்குச் செலவு பாதியாகக் குறைந்தது. நல்ல யோசனைதான். படிக்கிற காலத்தில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது அதே யோசனையை நான் சொல்லியிருந்தேன். “மாட்டுக்கு என்ன, சாராயக் கடையா வைக்கப் போறே?” என்று அப்பா சிரித்தார். இவள் சொன்னதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, “இவளுக்குத்தான்யா மூளை” என்றார்.

விடிந்ததும் தீவனத் தொட்டியோரமாக நடந்து, மாடுகள் என்ன மிச்சம் வைத்திருக்கின்றன என்று பார்ப்பது எங்கள் வழக்கம். மிச்சம் நிறைய இருந்தால் அன்றைக்குக் குறைத்துக் கலக்க வேண்டும். தொட்டி நக்கித் துடைத்தாற்போல் இருந்தால் கூட்ட வேண்டும். ஒரு பண்ணை பிழைப்பதும் மூழ்குவதும் அந்த நடையில் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நடை போவார். இப்போது ஜோலீனோடு போனார். நான் கன்றுக் கொட்டிலில் நின்று பார்ப்பேன். அவள் ஏதோ சொல்வாள், அவர் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என்னோடு நடந்தபோது அவர் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

ஒருநாள் கேட்டேன். “நானும் வரட்டுமாப்பா?”

“எதுக்கும்மா? ரெண்டு பேர் போதும். கன்னுங்க கத்துது பாரு.”

அந்தக் கோடையில் மழை இல்லை. குச்சியாய் நின்ற மக்காச்சோளத்தை அப்படியே வெட்டி நறுக்கி, சைலோவை, அந்த உயரமான தீவனக் கோபுரத்தை, நிரப்பினோம். சைலோவை நிரப்பினால் மூன்று வாரம் யாரும் அதில் ஏற மாட்டோம். புதுத் தீவனம் புளிக்கும்போது விஷக் காற்று கிளம்பும். வறண்ட வருடத்துச் சோளத்தில் இன்னும் மோசம். மூச்சை இழுத்த இடத்திலேயே ஆள் விழுவான். இங்கே பிறந்தவர்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். அதனாலேயே வெளியிலிருந்து வந்தவளுக்குச் சொல்ல வேண்டும் என்று டேரனுக்குக்கூடத் தோன்றவில்லை.

அப்பாவுக்குத் தோன்றியது. “ஜோலீன்கிட்ட சைலோ விஷயத்தைச் சொல்லிடு. நீ படிச்சவ, வெவரமாச் சொல்லுவ” என்றார். படித்தவள் என்று அவர் என்னைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள், “சொல்லிட்டேன்பா” என்றேன்.

அந்த வாரமே ஜோலீன் கொட்டிலுக்கு வந்தாள். என்னை அவள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். “டாக்டரம்மா, ஒரு சந்தேகம். பால் காசு இந்த மாசமும் கீழதான் போகுது. புதுத் தீவனத்துல எவ்வளவு சத்து இருக்குன்னு தெரிஞ்சா சோயாவை இன்னும் கொறைக்கலாம், இல்ல?”

“குறைக்கலாம் அண்ணி. மேலே ஏறி ஒரு பை எடுங்க. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்.”

“நானே ஏறலாமா?”

“உயரம்னா பயமா?”

“பயமா? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக் கூரையில ஏறி ஆன்டெனா கட்டுனதே நான்தான். மாமாகிட்ட சொல்லிடாதே. முடிவு வந்ததும் காட்டி அசத்துவோம்” என்று கண்ணடித்தாள்.

அரைகுறையாய்ப் புளித்த தீவனத்தைச் சோதிப்பதில் பயனில்லை என்பது முதல் வருடப் பாடம். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் அவளைத் தள்ளவில்லை. ஏணியைத் தொடக்கூட இல்லை. அவள் மேலே ஏறி உள்ளே இறங்கியதும் ஓர் இருமல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் வாளிகளைக் கழுவினேன். கன்றுகளின் வாளி சுத்தமாக இல்லாவிட்டால் கழிச்சல் வந்துவிடும்.

டேரன் பால் லாரியோடு போயிருந்தான். அப்பாதான் வந்தார்.

“ஜோலீன் எங்கே?”

“சைலோவுல.”

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஏணியை நோக்கி ஓடினார். நான் பின்னால் ஓடி அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“ஏறாதீங்கப்பா. தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடலாம். உள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

“என் பொண்ணு மேல இருக்கா. விடு!”

அவருக்கு வயதாகிவிட்டது. நான் தினமும் கன்றுகளைத் தூக்குகிறவள். ஏறவிடாமல் அவரைப் பிடித்து வைத்திருக்க என்னால் முடியும். அந்த நிமிடம் அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தையை நான் திரும்ப ஒருதரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவருடைய பெண் கீழே நின்றுகொண்டிருந்தாள், அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு.

கையை எடுத்தேன். அவர் வேகமாக ஏறினார். எனக்காக அவர் எதற்கும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

ஜோலீனைக் கொன்றது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அப்பா விஷயம் வேறு. விடு என்று சொன்னது அவர். அவர் சொல்லை நான் ஒருநாளும் மீறியதில்லை.