ஊருக்கே காமாலை கண்ட அண்ணாச்சி

...சரி, கண் முகாமுக்கு வாழ்த்துரை போதும். இப்பத்தான் ஒரு ஐயா கண்ணுல புரை இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னாரு. மைக் வரைக்கும் கேட்டுது. முத்தட்டும்னு விட அது என்ன தேங்காயா ஐயா? உக்காருங்க. ஒரு சின்னச் சங்கதி சொல்லுதேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போங்க.

சங்கரன்கோவில் பக்கம் ஆவுடையப்பன்னு ஒரு அண்ணாச்சி. வேட்டிக் கடை. வெள்ளை வேட்டி மட்டுந்தான் விப்பாரு. வெள்ளையிலயே பதினேழு வெள்ளை இருக்குன்னு சொல்லுவாரு. தும்பைப்பூ வெள்ளை, கொக்கு வெள்ளை, சோத்து வெள்ளை... தூரத்துல இருந்தே ஒவ்வொரு வெள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு அறுபது தாண்டினதும் கண்ணுல புரை விழுந்துட்டு. அவருக்குத் தெரியுமா? தெரியாது. வலி இல்ல, சிவப்பு இல்ல, தண்ணி வடியல. கண்ணுக்குள்ள இருக்குற லென்சு கொஞ்சம் கொஞ்சமா மங்கி, பழுத்து, மஞ்சளாயிட்டு.

என்ன ஆகும்? வார சரக்கெல்லாம் மஞ்சளாத் தெரியுது. பண்டல் பண்டலாத் திருப்பி அனுப்புதாரு. கட்டியிருக்குற வேட்டியும் மஞ்சளாத் தெரியுது. சொட்டு நீலம் ஊத்தி அலசுதாரு... இன்னும் ஊத்துதாரு... இன்னும் ஊத்துதாரு... கடைசியில ஆகாசக் கலர்ல ஒரு வேட்டியக் கட்டிக்கிட்டு கல்லாவுல உக்காந்திருக்காரு. ஊரே பாக்குது. ஒருத்தராவது சொன்னாங்களா? வெள்ளையப் பத்தி அவருகிட்டப் போயி வாய் திறக்க யாருக்குத் தைரியம் இருக்கு?

இது வரைக்கும் சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. பேரு சங்கரி. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாரு. முதல்ல ஒரு பையன் வந்தான். அண்ணாச்சி அவன் கண்ணை உத்துப் பாத்தாரு. மஞ்சள். காமாலைக்காரனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னு கேசரி வரதுக்குள்ள அனுப்பிட்டாரு. ரெண்டாவது வந்தவனுக்கும் காமாலை. கூட்டிட்டு வந்த தரகருக்கும் காமாலை. இப்படியே மூணு வருசத்துல பதினோரு பேரு.

பன்னெண்டாவதா வந்தான் குத்தாலிங்கம். தாலுகா ஆபீசுல வேலை. இவன் சங்கரி மனசுக்குப் பிடிச்ச பையன். இவரை விட்டா எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிட்டா. அண்ணாச்சி அவனையும் பாத்தாரு. நல்ல பையனா இருக்கியேன்னு இரக்கப்பட்டு, நாப்பது நாள் வெறும் வயித்துல கீழாநெல்லிச் சாறு குடி, உப்பு புளி சேக்காதே, அப்புறம் வான்னு சொன்னாரு.

குடிச்சான்யா! ஆசைப்பட்டுட்டான், என்ன செய்வான்? நாப்பத்தொண்ணாம் நாள் பாதி உடம்பா வந்து நின்னான். அண்ணாச்சி இமைய இழுத்துப் பாத்துட்டு, "முன்னைக்கு இப்ப கூடியிருக்கே"ன்னாரு. பாவம், அவன் ரத்தப் பரிசோதனை எழுதின காயிதத்தை எடுத்து நீட்டினான். காமாலையே இல்லன்னு அதுல போட்டிருக்கு. அண்ணாச்சி வாங்கி வெளிச்சத்துல பிடிச்சாரு... திருப்பிப் பாத்தாரு... "தம்பி, இந்தக் காயிதத்துக்கே காமாலை பிடிச்சிருக்கு"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாரு.

உள்ள இருந்து சங்கரி வந்தா. "அப்பா, என் கண்ணைப் பாருங்க."

பாத்தாரு. உசிரே போயிட்டு. மகளுக்கும் மஞ்சள். பொண்டாட்டியக் கூப்பிட்டுப் பாத்தாரு, மஞ்சள். சாமி மாடத்துல விபூதி... அதுவும் மஞ்சள். அப்படியே உக்காந்துட்டாரு. சங்கரி பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொன்னா. "ஊருக்கே வந்திருக்கு. உங்க ஒருத்தருக்கு மட்டும் ஏன் வரலன்னு ஒரு கண் டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்துருவோமா?"

கிளம்பிட்டாரு. எதுக்கு? ஊரக் காப்பாத்த!

டாக்டரம்மா பாத்துட்டுச் சிரிக்காமச் சொன்னாங்க. இது புரை. சொட்டு மருந்து கரைக்காது. ஆரம்பமா இருந்தா கண்ணாடிய மாத்திக் கொஞ்ச நாள் ஓட்டலாம், உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டியாச்சு. முத்தணும்னு காத்திருக்கத் தேவையில்ல. மரத்துப் போக மருந்து விட்டு, மங்கின லென்சை எடுத்துட்டு வேற லென்சு வைப்போம். முதல்ல ஒரு கண்ணு, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்னாங்க.

ஆபரேசன் முடிஞ்சு, மறுநாள் வந்து கட்டுப் பிரிச்சாச்சு. டாக்டரம்மா கோட்டு தும்பைப்பூ வெள்ளை. ஆபரேசன் ஆன கண்ணை மூடினாரு, கோட்டு மஞ்சள். மத்தக் கண்ணை மூடினாரு, வெள்ளை. அரை மணி நேரம் இதே வேலை. அப்புறம் குனிஞ்சு தன் வேட்டியப் பாத்தாரு... நர்சைக் கூப்பிட்டு ஒரு போர்வை கேட்டாரு.

அந்த நேரம் சங்கரி பக்கத்துல வந்து நின்னா. அண்ணாச்சி நிமிந்து மக முகத்தைப் பாக்காரு. காதோரம் நாலஞ்சு முடி நரைச்சிருக்கு. கண்ணுக்குக் கீழ கருப்பு.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"ரெண்டு வருசமாச்சுப்பா."

அழக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. அழுதாரு. வெளிய நின்ன குத்தாலிங்கத்தைக் கூப்பிடச் சொன்னாரு. அவன் கையப் பிடிச்சுக்கிட்டு, "மஞ்சள் என் கண்ணுலதான் இருந்துச்சு, மாப்பிள்ளை"ன்னாரு. தம்பின்னு சொல்லல. மாப்பிள்ளைன்னு சொன்னாரு.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு நாமளும் பழமொழி சொல்லுதோம். யாரைப் பாத்துச் சொல்லுதோம்? அடுத்தவனைப் பாத்து! நம்ம கண்ணைச் சொல்லுதாங்கன்னு என்னைக்காவது நினைச்சிருக்கோமா? புரை கண்ணுலயும் விழும், புத்தியிலயும் விழும். ரெண்டும் வலிக்காது. அதுதான் ஆபத்து. புத்தியில விழுந்ததை எடுக்க நான் ஒருத்தன் பேசினா ஆகாது. கண்ணுல விழுந்ததை எடுக்க இந்தப் பந்தல்லயே ஆள் இருக்காங்க. உங்களைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த மக பக்கத்துல உக்காந்திருக்காளே, அவ முகத்தைக் கடைசியா எப்ப நல்லாப் பாத்தீங்க? யோசிச்சுத்தான் சொல்லணும்னா, எந்திரிங்க. பேர் எழுதுற மேசை இடது பக்கம் இருக்கு.