பெரிய பரோட்டா, சின்னப் பரோட்டா

கார்த்திகா: …இன்னொண்ணு வைங்கண்ணே. இவரு வேணாம்னுதான் சொல்லுவாரு, நீங்க வைங்க.

கோபிநாத்: ஏ புள்ள, இது என்ன மொய் விருந்தா? வயித்துல எடமே இல்ல.

அடைக்கலம்: புருசனும் பொண்டாட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு மத்த டேபிளும் இருக்கு.

கார்த்திகா: வைங்க. சால்னாவ நல்லா ஊத்துங்க.

கோபிநாத்: நாளைக்குத் திருச்சில மெடிக்கல் இருக்கு, ஞாபகம் இருக்கா? சுகர் ஏறியிருந்தா எங்க கம்பெனில திரும்ப எடுக்க மாட்டான்.

கார்த்திகா: ஒரு பரோட்டாவுலயா ஏறிரப் போகுது?

கோபிநாத்: ஒண்ணா? லீவுக்கு வந்ததுலேர்ந்து தெனமும் இதே இலுப்பூரு, இதே கடை. வீட்டுல எங்கம்மா கேழ்வரகுக் களியக் கிண்டி வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு.

கார்த்திகா: களி எங்கயும் ஓடிப் போகாது. தின்னுங்க.

கோபிநாத்: மஸ்கட்ல இருந்தப்ப என்ன சொன்ன? சோத்தக் கொறைங்க, நடங்க, ராத்திரில பரோட்டா தொடக் கூடாது… வீடியோ கால்ல தட்டக் காட்டச் சொல்லி அதட்டுனவதான நீ?

கார்த்திகா: அங்க ஒத்தையில இருந்தீங்க. மயங்கி விழுந்தா யாரு தூக்குவா? இங்க நான் இருக்கேன்ல.

கோபிநாத்: தூக்குவியா? இந்தச் சட்டையப் பாரு. கடைசி பட்டன் ராஜினாமா பண்ணிருச்சு. நாலு பேரு வேணும் என்னைத் தூக்க… ஆமா, நீ ஏன் ஒத்த இட்லியவே பிச்சுக்கிட்டு இருக்க?

கார்த்திகா: எனக்கு வயிறு சரியில்ல… இருங்க. என்ன இது? ஒங்க பரோட்டா மட்டும் அப்பளமாட்டம் இருக்கு? பக்கத்து டேபிளப் பாருங்க, என்ன பெருசு! அண்ணே! இங்கிட்டு வாங்க.

அடைக்கலம்: …சொல்லாத்தா.

கார்த்திகா: நான் என்ன சொன்னேன், நீங்க என்ன…

கோபிநாத்: நீ என்ன சொன்ன?

கார்த்திகா: ஒண்ணுமில்ல. அண்ணே, நீங்க போங்க, அங்க கூப்புடுறாங்க.

அடைக்கலம்: யாரும் கூப்புடல. இனிமே என்னால ஆகாது சாமி! நீ கை கழுவுற எடத்துல வந்து, ‘அவருக்கு மட்டும் பெருசாப் போடுங்கண்ணே’ங்குற. தம்பி வண்டிய நிறுத்திட்டு வந்து, ‘சின்னதாப் போடுங்கண்ணே, அவளுக்குத் தெரிய வேணாம்’ங்குறாரு. மாஸ்டரு மாவ உருட்டுறாரு, பிய்க்கிறாரு, திரும்ப ஒட்டுறாரு. நேத்து, ‘இந்த டேபிளுக்கு நீயே வீசிக்க’ன்னு என்னையக் கல்லுகிட்ட நிறுத்திட்டாரு. எனக்கு வீசத் தெரியுமா? மாவு போயி ஃபேன்ல சுத்துது!

கார்த்திகா: நீங்க சின்னதாப் போடச் சொன்னீங்களா?

கோபிநாத்: நீ பெருசாப் போடச் சொன்னியா?

கார்த்திகா: நான்தான் மொதல்ல கேட்டேன்.

கோபிநாத்: சொன்னேன். வேணாம்னா ஒன் மூஞ்சி வாடிருது… தின்ன மாதிரியும் இருக்கணும், தின்னாத மாதிரியும் இருக்கணும். சரி, நீ எதுக்கு…

கார்த்திகா: சுகர் ஏறட்டும்னுதான்.

அடைக்கலம்: அடி ஆத்தாடி!

கார்த்திகா: ஏறுனா மெடிக்கல்ல பெயிலாயிருவீங்கள்ல. பெயிலானா போக மாட்டீங்கள்ல. அப்பறம் களியப் போட்டு நானே கொறைச்சுருவேன்னு… ஒவ்வொரு பரோட்டாவுக்கும் ஒரு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் வச்சேன். இலுப்பூருல சாமியெல்லாம் தீந்து போயி, குன்றாண்டார்கோவில் வரைக்கும் போயிட்டேன்.

கோபிநாத்: அடிப்பாவி…

கார்த்திகா: பாவிதான். ஆனா நீங்க சின்னதாக் கேட்டிருக்கீங்க. அம்புட்டு அவசரம், பாஸ் பண்ணிட்டுப் போயிரணும்…

கோபிநாத்: கார்த்திகா…

கார்த்திகா: பேசாதீங்க. போங்க. நல்லா ஃபிட்டாப் போங்க.

கோபிநாத்: நாளைக்குத் திருச்சிக்குப் போறது மெடிக்கலுக்கு இல்ல புள்ள.

கார்த்திகா: …பின்ன?

கோபிநாத்: ஏசி கழுவுற மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எடுத்தாரணும். என்கூடப் படிச்ச திருமுருகன், இங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குற தன் கடையில பாதிய ஏசி ரிப்பேருக்கு எனக்கு விடுறான். இனிமே வரலைன்னு கம்பெனில சொல்லிட்டுத்தான் பிளைட்டே ஏறுனேன்.

கார்த்திகா: எங்கிட்ட ஏன் சொல்லல?

கோபிநாத்: சொல்லி, நீ ஆசப்பட்டு, கடை அமையாம நான் மறுபடி பெட்டியக் கட்டுனா? அந்த மூஞ்சிய நான் எப்புடிப் பாப்பேன்? இன்னைக்குச் சாயந்தரந்தான் சாவியக் கையில குடுத்தான். இந்தா, பாரு.

கார்த்திகா: …மெடிக்கலே இல்லைன்னா, சின்னப் பரோட்டா எதுக்கு?

கோபிநாத்: போறதுக்கா ஒடம்பக் கொறைக்கிறேன்? இருக்குறதுக்குத்தான்.

அடைக்கலம்: …தம்பி, நான் மாஸ்டர்கிட்ட என்னன்னு சொல்ல?

கார்த்திகா: இவருக்கு ரெண்டு இட்லி, சாம்பாரு. இனிமே தெனமும் வர மாட்டோம்ணே, கோவிச்சுக்காதீங்க.

அடைக்கலம்: கோவமா? மாஸ்டரு தேங்காயே ஒடைப்பாரு!

கோபிநாத்: ஏ, இதுல இன்னும் பாதி பரோட்டா இருக்கு…

கார்த்திகா: இங்கிட்டுத் தள்ளுங்க. எனக்குப் பசிக்குது… நீங்க வந்த நாள்லேர்ந்து பசிக்குது.