அறுபது முயல்களும் ஆங்கிலச் சொல் ஒன்றும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் ஜகந்நாதன் அவர்களே! தாராவியில் இருந்தும் மாட்டுங்காவில் இருந்தும் தமிழைத் தேடிச் செம்பூர் வந்திருக்கும் சான்றோர்களே! தாமதமாக வந்தாலும் முன்வரிசையை முழுமையாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! முப்பத்தோராண்டுகள் ஆய்வுக்கூட விலங்குகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, இன்று ஓய்வு பெறும் விழா நாயகர் கரீம் பாட்சா அவர்களே! விஜயலக்ஷ்மியின் வணக்கம்.

நான் விஞ்ஞானியா? இல்லை. மருத்துவரா? இல்லை. வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்தவள். அப்புறம் விலங்காய்வு நெறிமுறைக் குழுவில் எனக்கென்ன வேலை? விஞ்ஞானி அல்லாத வெளியாள் ஒருவர் அங்கே இருந்தே தீர வேண்டும் என்கிறது சட்டம்! படிக்காத பாடத்துக்குப் பதவி வாங்கியவள் நான்.

என்ன ஐயா, எலிக்கெல்லாம் சட்டமா என்கிறீர்களா? நீங்கள் டோம்பிவிலியிலிருந்து ரயிலேறி வருபவரா? அப்படியானால் வயிறு எரியத்தான் செய்யும். கூண்டில் ஓர் எலிக்கு எவ்வளவு இடம் என்று விதி உண்டு. எட்டு மணி ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் நிற்க உங்களுக்கு இல்லை!

சென்ற ஆண்டு ஆய்வாளர் ஜெயராம் எங்கள் குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வைத்தார். அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். மருந்துச் சோதனை முடிந்ததும் அறுபது முயல்களும் 'சாக்ரிஃபைஸ்' செய்யப்படும் என்று எழுதியிருந்தார். 'பலி' என்று பொருள்; ஆய்வுக்கூடத்தில் கொல்வதற்கு அதுதான் பெயர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்! கூண்டுப் பதிவேட்டைக் கொடுக்க வந்த கரீம் பாட்சா கேட்டார்:

"ஸார், சாக்ரிஃபைஸ்னா பக்ரீத்துக்குக் குடுக்குற குர்பானிதான? குர்பானின்னா நாங்க மொதல்ல தண்ணி காட்டுவோம். ஒண்ண இன்னொண்ணு பாக்க அறுக்க மாட்டோம். நீங்க அறுபதையும் ஒரே ரூம்ல வச்சுல்லா செய்யப் போறீய?"

"அது வெறும் டெக்னிகல் வார்த்தை, பாய்" என்றார் ஜெயராம்.

"அப்பம் கொல்லுவோம்னே எழுதுங்க ஸார்."

ஒன்றின் கண்முன் இன்னொன்றைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டவள் நான். வெட்கிப் போனேன்.

ஜெயராம் பேனாவை எடுத்தார். எழுத வரவில்லை. அறுபதும் சாகத்தான் வேண்டுமா? ஏன் வேண்டும்? எதற்காக வேண்டும்? மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டார். பதினெட்டு போதும்! அந்தப் பதினெட்டும் தனியறையில், ஒன்றையொன்று காணாமல், வலி அறியாமல் போயின. அதை மறைக்க மாட்டேன்; நோயாளிக்கு மருந்து வேண்டுமே. நலமாயிருந்த நாற்பத்திரண்டும் விதிப்படி மறுவாழ்வு பெற்று, கர்ஜத் பக்கம் ஒரு பண்ணையில் புல் மேய்கின்றன. தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

இன்று எங்கள் படிவத்தில் அந்தப் பூச்சுச் சொல் இல்லை. 'எத்தனை கொல்லப்படும்?' என்றே அச்சிட்டிருக்கிறோம். ஏட்டில் இருக்கும் சட்டம் எங்கே உயிர் பெறுகிறது? அந்தக் கேள்விக்கு எதிரே எண்ணை எழுதும் முன் ஒரு கை தயங்குகிறதே, அங்கே! எழுதிய எண்ணை அடித்துவிட்டுக் குறைத்து எழுதுகிறதே, அங்கே! அந்தத் தயக்கத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார் கரீம் பாட்சா.

பெருநாளன்றும் முயலுக்குத் தண்ணீர் வைக்க இவரை அனுப்பிவைத்த துணைவியார் நூர் நிஷா அவர்களுக்கும், இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!